கட்டுரையில் ஐந்து பெயர், நோபல் மேடையில் இரண்டு: மூளை ஆய்வகத்துக்குள் யார் யார்?

2014 அக்டோபர் 6 அன்று மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்டபோது எட்வர்ட் மோசர் மியூனிக் போகும் விமானத்தில் இருந்தார். இறங்கியதும் பூங்கொத்தோடு ஆள் வந்து நின்றதற்குக் காரணம் அவருக்கு விளங்கவில்லை. நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் இருந்த மே-பிரிட் மோசருக்குச் செய்தி முன்பே போய்விட்டது. அப்போது இருவரும் கணவன் மனைவி. பரிசில் பாதி லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜான் ஓ'கீஃபுக்கு, மறுபாதி மோசர்களுக்கு. மூளைக்குள் இருக்கும் ஜிபிஎஸ்ஸைக் கண்டுபிடித்தவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

மோசர்களுக்கு அந்தப் பரிசை வாங்கித் தந்த முக்கியமான கட்டுரை 2005ல் நேச்சர் இதழில் வந்தது. தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்: தோர்கெல் ஹாஃப்டிங், மரியான் ஃபீன், ஸ்டுர்லா மோல்டன், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர். முன்னால் நிற்கும் மூன்று பேரும் அப்போது அந்த ஆய்வகத்து மாணவர்கள். ஒரு துறையில் ஒரு வருடத்துக்கு மூன்று பேருக்கு மேல் நோபல் கிடையாது என்பது விதி. ஆகவே யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை. ஆனால் 'மோசர்கள் கண்டுபிடித்தார்கள்' என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால், ஒரு பல்கலைக்கழக மூளை ஆய்வகம் யாரை நம்பி நடக்கிறது என்று தெரியும். அங்கே கற்க வேண்டியதில் பாதியை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து இன்னொருவர் பழகிக்கொள்கிறார். அப்படிப் பழகியவர்களில் பெரும்பாலோர் மூன்று நான்கு வருடத்தில் மூட்டை கட்ட வேண்டியவர்கள்.

கண்டுபிடிப்பு என்ன என்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1971ல் ஓ'கீஃபும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதியில், விநோதமான நியூரான்களை (நரம்பு செல்களை) கண்டார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு நியூரான் துடிக்கும், அதாவது மின்துடிப்பு எழுப்பும். வேறொரு இடத்துக்குப் போனால் வேறொன்று. இவற்றை இடச் செல்கள் என்கிறார்கள். இந்த இட உணர்வு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போன ட்ரான்ட்ஹைம் குழு, ஹிப்போகேம்பஸுக்குத் தகவல் அனுப்பும் என்டோரைனல் கார்டெக்ஸ் பகுதியில் மின்முனைகளை இறக்கியது. அங்கே ஒரே நியூரான் பல இடங்களில் துடித்தது. துடித்த இடங்களையெல்லாம் தரைப்படத்தில் குறித்துப் பார்த்தால், வாசலில் இடுக்குப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, அறுகோண ஒழுங்கில் தரை முழுக்கப் பரவியிருந்தன. இவைதான் கிரிட் செல்கள்.

இப்போது அந்த ஐந்து பெயர்களுக்கு வருவோம். உயிரியல் துறைகளில் கட்டுரையாசிரியர் வரிசைக்கு எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. முதல் பெயர், பரிசோதனையை முன்னின்று செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நம் ஊர் ஸ்காலர்கள் 'கைடு' என்பார்கள், வெளிநாட்டில் 'பிஐ'. நடுவில் வருபவர்கள் உதவியவர்கள். யார் எவ்வளவு உதவினார்கள் என்பது அந்த ஆய்வகத்துக்குள் இருப்பவர்களுக்கே வெளிச்சம். இந்த வரிசையில் கூட ஏறாதவர்கள் கட்டுரையின் கடைசியில், சின்ன எழுத்தில், நன்றிப் பத்தியில் இருப்பார்கள். டெக்னீஷியன்கள் பெரும்பாலும் அங்கேதான்.

மோசர்கள் 1996ல் ட்ரான்ட்ஹைம் வந்தபோது நன்றி சொல்லக் கூட ஆள் கிடையாது. பிஎச்டி முடித்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்த இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம் தனித்தனியாக நிரந்தர வேலை கொடுத்தது. ஆராய்ச்சித் தம்பதிகளுக்கு இது அவ்வளவு லேசில் வாய்க்காது. இந்தக் கதையின் உண்மையான அதிர்ஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆய்வகத்துக்குக் கிடைத்த இடம், அடித்தளத்தில் குண்டுவீச்சுக்குப் பதுங்கக் கட்டியிருந்த அறை. எலிக்கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, மூளையைச் சீவுவது, அறுந்த கேபிளை ஒட்டுவது எல்லாம் அவர்களே. பின்னாளில் பெரிய மையத்துக்குத் தலைமை ஏற்றபோது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரமும் பொறுமையும் வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அதற்கு முன்னால் அவர்கள் யாரிடம் பழகினார்கள் என்பதும் முக்கியம். ஆஸ்லோவில் பேர் ஆண்டர்சன் என்ற ஹிப்போகேம்பஸ் நிபுணரின் அறையில் போய் உட்கார்ந்து, மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளும்வரை எழுந்திருக்க மறுத்தார்கள் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆண்டர்சன் ஒரு நிபந்தனை போட்டார்: முதலில் ஒரு நீர்த்தொட்டி கட்டுங்கள். கலங்கிய நீரில் மூழ்கியிருக்கும் மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும். நினைவாற்றலைச் சோதிக்க ரிச்சர்ட் மோரிஸ் உண்டாக்கிய முறை அது. தொட்டியைக் கட்டினார்கள், 1995ல் பிஎச்டி முடித்தார்கள், பிறகு எடின்பரோவில் அதே மோரிஸிடம் போனார்கள். அங்கிருந்து லண்டனுக்கு, ஓ'கீஃபிடம். விழித்திருக்கும் எலியின் மூளையில் தனித்தனி நியூரானின் துடிப்பைப் பதிவு செய்யும் வித்தையை அவர் பக்கத்தில் இருந்து பழகினார்கள். தங்கியது சில மாதம்தான். அந்த வேலையைப் புத்தகத்தைப் படித்துச் செய்துவிடலாம் என்றால் அவர்கள் லண்டனுக்குப் போயிருக்கவே தேவையில்லை.

அப்படி என்ன வேலை அது?

தலைமுடியை விட மெல்லிய கம்பி, சுமார் 17 மைக்ரான் தடிமன், பிளாட்டினமும் இரிடியமும் கலந்தது. நான்கு இழையைச் சேர்த்து முறுக்கிச் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். இதற்கு டெட்ரோடு என்று பெயர். சூடு கூடினால் மேலுறை உருகி நான்கும் ஒன்றாகிவிடும், குறைந்தால் மூளைக்குள் போகும்போது பிரிந்து விரியும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று செய்முறைக் குறிப்பில் போட்டிருக்கும். ஆனால் புதிதாக வந்த மாணவர் அதை வைத்துக்கொண்டு செய்யும் முதல் டெட்ரோடுகள் குப்பைக் கூடைக்குத்தான் போகும். பிறகு நுனிகளை வெட்டி, மின்முலாம் பூசி, மின்தடையைச் சரிபார்த்து, சின்னத் திருகுகள் வைத்த ஒரு கருவியில் பொருத்தி, மயக்கம் கொடுத்த எலியின் மண்டையோட்டில் துளையிட்டுப் பல் சிமென்டால் நிறுத்த வேண்டும். எலி தேறிய பிறகு நாள்தோறும் திருகைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பிக் கம்பியை இறக்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாளில் 50 மைக்ரான், அல்லது அதற்கும் கீழே. அவசரப்பட்டு அதிகம் திருப்பினால் தேடிய அடுக்கைத் தாண்டிப் போய்விடும். திரும்ப மேலே இழுத்து ஒட்ட வைக்கலாம் என்ற பேச்சே கிடையாது.

பதிவு செய்யும்போது எலியை அரங்கில் விட்டு, அங்கங்கே உணவுத் துணுக்குகளைத் தூவுவார்கள். துணுக்கைத் தேடி எலி தரை முழுவதையும் சுற்றினால்தான் படம் முழுமையாகும். பொறுக்கித் தின்று வயிறு நிறைந்த எலி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் அன்றைய பதிவு வீண். ஆகவே எந்த எலிக்கு எப்போது பசிக்கும், எது பயந்த சுபாவம், எது யார் கையில் அடங்கும் என்பதெல்லாம் ஆராய்ச்சிக்கு வேண்டிய தகவல்கள். விலங்கறையைப் பார்த்துக்கொள்பவர்தான் இதில் கெட்டிக்காரர். வேலை செய்பவரும் பரிசோதனையின் ஒரு பகுதி என்பதற்குப் பின்னால் நேரடிச் சான்றே கிடைத்தது. ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தால், ஏன், அவர் போட்டிருந்த சட்டையின் வாசனை பட்டால் கூட, எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் ஏறுகிறது என்று மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014ல் காட்டியது. பெண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தபோது அப்படி ஆகவில்லை. எலியை எடுத்தவர் யார் என்று அதுவரை எத்தனை கட்டுரைகள் குறித்து வைத்திருந்தன என்று கேட்டால் பதில் சங்கடமானது.

கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் வெளியே யாரும் பேசுவதில்லை. பதிவுகள் முடிந்ததும் எலியின் மூளையை எடுத்து உறைய வைத்து, சுமார் 30 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். சீவிய ஒவ்வொரு துண்டையும் மெல்லிய தூரிகையால் தொட்டு, மடிப்பு விழாமல், குமிழி இல்லாமல், வரிசை மாறாமல் கண்ணாடித் தகட்டில் ஏற்ற வேண்டும். சாயம் ஏற்றியதும் செல்கள் ஊதா நிறத்தில் தெரியும். கம்பி போன தடமும் தெரியும். தடம் முடிந்த இடம் எது என்று உறுதியாகத் தெரிந்தால்தான், அந்த எலியிடம் மாதக்கணக்கில் எடுத்த பதிவுகளுக்கு மதிப்பு. தடம் முடியும் இடத்துத் துண்டு கிழிந்துபோனால், அத்தனை துடிப்புகளும் மூளையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவை என்று சொல்ல வழியில்லை. இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் டெக்னீஷியன். பிஎச்டி இருக்காது, கட்டுரையில் பெயர் அபூர்வம். ஆனால் தலைவரை விட்டால் ஆய்வகத்தில் பத்து வருடம் தாண்டி நிலைத்திருக்கும் ஒரே ஆளாகவும் இவர் இருக்கக் கூடும். புதியவர்களுக்குப் பாதி வித்தை இவரிடமிருந்துதான் கிடைக்கும்.

'எந்தப் பகுதி' என்ற கேள்வி கிரிட் செல் கதையில் உயிர்நாடியான விஷயம். ட்ரான்ட்ஹைம் குழுவுக்கு முன்பும் என்டோரைனல் கார்டெக்ஸில் பதிவு செய்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெளிவில்லாத, மங்கலான சமிக்ஞைகளே கிடைத்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த உடற்கூறு நிபுணர் மெனோ விட்டர் மூளையின் இணைப்புப் பாதைகளை வருடக்கணக்கில் வரைந்து வைத்திருந்தவர். இடச் செல்களை வழக்கமாகப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸின் மேல்பகுதிக்கு, என்டோரைனல் கார்டெக்ஸின் பின்பக்க மேல் விளிம்பிலிருந்துதான் நரம்பிழைகள் வருகின்றன. முன்பு பதிவு செய்தவர்கள் மிகவும் கீழே இறங்கிவிட்டார்கள் என்பது அவர் வரைபடத்திலிருந்து விளங்கியது. ஃபீன் முதல் ஆசிரியராக 2004ல் சயன்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரையில் விட்டரின் பெயரும் உண்டு. அந்தக் கட்டுரையிலேயே ஒரு நியூரான் பல இடத்தில் துடிப்பது தெரிந்துவிட்டது. ஆனால் அரங்கு சின்னது. புள்ளிகள் கொஞ்சம்தான் விழுந்தன, ஒழுங்கு இருக்கிறதா என்று சாதிக்க முடியவில்லை. பெரிய அரங்கில் எலியை ஓடவிட்டதும் அறுகோணம் பளிச்சென்று தெரிந்தது. 2005 கட்டுரை அதுதான்.

இணைப்புப் பாதைகளை வரைந்து வைத்திருந்த அந்த உடற்கூறுகாரர் இல்லையென்றால் இது நடந்திருக்காது. புள்ளிகள் உண்மையிலேயே ஒழுங்கில்தான் விழுகின்றன, கண் ஏமாற்றவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்ட நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். அவரும் இல்லாமல் நடந்திருக்காது. ஒரு மூளை ஆய்வகத்தில் உளவியல் படித்தவர், இயற்பியல் படித்தவர், டாக்டருக்குப் படித்தவர், மின்னணுக் கருவி பழுது பார்ப்பவர் எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிடுவது அலங்காரத்துக்காக இல்லை.

ஆண்டர்சனின் ஆஸ்லோ ஆய்வகத்தில் இன்னொரு கதையும் நடந்தது. 1966ல் அங்கே பிஎச்டி மாணவராக இருந்த டெரியே லோமோ, முயலின் ஹிப்போகேம்பஸில் வேகமான மின்தூண்டல் கொடுத்த பிறகு நியூரான்களின் இணைப்பு நெடுநேரம் வலுப்பட்டு நிற்பதைக் கவனித்தார். நினைவு மூளையில் எப்படிப் பதிகிறது என்ற கேள்விக்கு இன்றுவரை பிரதான விடையாக இருக்கும் நிகழ்வு அது. 1968ல் டிம் பிளிஸ் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை 1973ல் வந்தது. இந்த நிகழ்வை ஆராய்ந்ததற்காக 2016ல் 10 லட்சம் யூரோ பிரெயின் ப்ரைஸ் பரிசு வழங்கப்பட்டது. வாங்கியவர்கள் பிளிஸ், கிரஹாம் காலிங்ரிட்ஜ், ரிச்சர்ட் மோரிஸ். லோமோ பட்டியலில் இல்லை. அவர் இடையிலேயே வேறு ஆராய்ச்சிக்கு மாறிப் போனவர் என்று காரணம் சொல்லலாம். சொன்னாலும் நெருடல் போகாது. முதலில் பார்த்த கண் அவருடையது.

தலைவர்கள் சும்மா பெயர் போட்டுக்கொள்பவர்கள் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. பிஐயின் வேலை என்னவென்றால் பணம் கொண்டுவருவது. நிதி விண்ணப்பம், அறிக்கை, விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் பதில், ஆள் எடுப்பு, மறுபடியும் விண்ணப்பம். இந்தச் சுழற்சியில் சிக்கிய பலர் எலெக்ட்ரோடைத் தொட்டே வருடங்கள் ஆகியிருக்கும். ட்ரான்ட்ஹைம் குழுவை 2002ல் நார்வே ஆராய்ச்சி மன்றம் உயர் ஆய்வு மையமாகத் தேர்ந்தெடுத்தது; அந்தத் திட்டத்தில் பத்து வருடம்வரை நிதி உண்டு. 2007ல் அமெரிக்காவின் காவ்லி அறக்கட்டளையும் கை கொடுத்தது. விட்டர் ட்ரான்ட்ஹைமுக்கே குடிபெயர்ந்ததும் அந்த வருடம்தான். வருடா வருடம் கையேந்த வேண்டியிராத பணம் இருந்ததால், டெக்னீஷியன்களை நிறுத்திவைக்கவும், 'பெரிய அரங்கில் ஓடவிட்டுப் பார்ப்போமே' என்று பொறுமையாக யோசிக்கவும் முடிந்தது. மேதைமையைப் பற்றி எழுதுபவர்கள் இந்தக் கணக்கை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நார்வேயில் பிஎச்டி மாணவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். சம்பளம், விடுமுறை, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் உண்டு. நம் நாட்டில் ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) என்பது உதவித்தொகை: 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (சீனியர்) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அதுவும் மாதா மாதம் வந்துவிடும் என்று நம்பிக் கடன் தவணை கட்ட முடியாது என்பது எந்த ஸ்காலரைக் கேட்டாலும் சொல்வார். எலிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. நாள்தோறும் திருகைத் திருப்ப யாராவது வந்தாக வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் இந்த உதவித்தொகைக்காரர்தான். பிஎச்டி முடித்த பின் போஸ்ட்டாக். இரண்டு வருட ஒப்பந்தம், முடிந்தால் இன்னொரு ஊரில் இன்னொரு இரண்டு வருடம், வயது முப்பதைத் தாண்டிக்கொண்டிருக்கும். கம்பி முறுக்கும் வித்தை முழுதாகப் படிந்திருக்கும் நேரத்தில் ஆள் கிளம்பிவிடுவார்.

சென்னையில் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த மூளைகள், 5,132 வெட்டுத்துண்டுகள், எல்லாம் டிஜிட்டல் படங்களாக, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த எண்ணிக்கையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எலி மூளைக்குச் சொன்ன அதே சீவல், அதே மடிப்பு, அதே குமிழித் தொல்லை. இந்த அளவு வேலை ஒரு பேராசிரியரும் நான்கு மாணவரும் இருக்கும் வழக்கமான அமைப்பில் நடக்காது. பொறியாளர்களும் மருத்துவர்களும் ஆய்வக ஊழியர்களும் வரிசையாக நின்று செய்தால்தான் முடியும்.

பெரிய அணி என்ற போக்கு உலகெங்கும் வந்துவிட்டது. 2024ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் சங், மாலா மூர்த்தி இருவருடைய ஆய்வகங்கள் முன்னின்று வெளியிட்ட பழ ஈ மூளையின் இணைப்பு வரைபடத்தில் 1,39,255 நியூரான்கள். செயற்கை நுண்ணறிவு அவற்றைத் தோராயமாகப் பிரித்துக் கொடுத்தது; தப்பாக ஒட்டியவற்றை வெட்டி, அறுந்தவற்றை ஒட்டிச் சரிபார்த்தவர்கள் மனிதர்கள். பல நாட்டு ஆய்வகங்கள், சம்பளத்துக்கு வந்த சரிபார்ப்பாளர்கள், ஆர்வத்தால் வந்து சேர்ந்த பொதுமக்கள். அந்தக் கூட்டமைப்பையே ஓர் ஆசிரியராகக் கட்டுரையில் சேர்த்தார்கள். நன்றிப் பத்தியில் புதைக்காமல் மேலே கொண்டுவந்தது நல்ல மாற்றம்தான்.

எலி ஆய்வகங்களிலும் கருவி மாறிவிட்டது. 2017ல் வந்த நியூரோபிக்சல்ஸ் என்ற சிலிக்கான் ஊசியில் 960 பதிவுப் புள்ளிகள். அவற்றில் 384ஐ ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். நான்கு கம்பி முறுக்கத் தெரிந்தவருக்கு இருந்த மவுசு குறைந்துவிட்டது. எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்று கணினித் திரையில் கையால் வட்டம் போட்டுப் பிரித்த வேலையை மென்பொருள் முக்கால்வாசி செய்துவிடுகிறது. மாலைக்குள் குவியும் தரவைச் சமாளிக்க பைத்தான் நிரல்மொழி தெரிந்தவரைத்தான் இப்போது ஆய்வகங்கள் தேடுகின்றன. அறுவைசிகிச்சையும், சீவல் அறையும், பயந்த எலியைக் கையில் பழக்குவதும் அப்படியே இருக்கின்றன.

2005 கட்டுரையின் மாணவர்களில் மரியான் ஃபீன் இன்று ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், தன் பெயரிலேயே ஆய்வகம் நடத்துகிறார். எல்லா மாணவருக்கும் அப்படி அமைந்துவிடாது. மூளை அறிவியலில் பிஎச்டிக்கு இடம் தேடுபவர்கள் கைடின் பேப்பர் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதைவிட உபயோகமான கேள்விகள் உண்டு. அங்கே டெக்னீஷியன் எத்தனை வருடமாக இருக்கிறார்? நிதி இன்னும் எத்தனை வருடத்துக்கு? பரிசோதனை செய்த மாணவருக்கு முதல் பெயர் கிடைத்ததா, போஸ்ட்டாக்குக்குப் போனதா? முந்தைய பேட்ச் இப்போது எங்கே? இணையதளத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் அன்றைக்கு அந்த ஆய்வகத்து சீனியர் யாரையாவது கேன்டீனுக்குக் கூட்டிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார்.